ஊகத்தால் நிரப்பிய கட்டங்கள்

இரவு இரண்டு மணிக்கு என் கணினித் திரையில் ஈயத்தின் ஒலிவேகம் கற்பனை எண்ணாகிவிட்டது. வேகத்தின் வர்க்கத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்கு வர்க்கமூலம் எடுக்கச் சொன்னதும் நிரல் படுத்துவிட்டது. நான் ஆய்வு மாணவனாகச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அயனிகளின், அதாவது எலக்ட்ரான் இழந்து மின்னூட்டம் பெற்ற அணுக்களின், கற்றை பாய்ந்து உருகி, கொதித்து, விரியும் ஓர் ஈயத் தகட்டை நானோ நொடி நானோ நொடியாகக் கணக்கிடுவதுதான் எனக்குக் கொடுத்திருந்த வேலை. தகடு உருகும்வரை எல்லாம் ஒழுங்காகப் போகும். உருகிய ஈயம் விரிந்து, பழைய அடர்த்தியில் நாலில் ஒரு பங்குக்கு இறங்கும்போது, தவறாமல் அதே இடத்தில் கணக்கு விழும்.

மூன்று நாள் நிரலைத் துருவினேன். ஒரு பிழையும் அகப்படவில்லை. அடுத்த மேசையில் ஒரு மூத்த ஆய்வாளர் இருந்தார். குழுவில் தமிழ் பேசக்கூடிய இன்னொரு ஆள் அவர்தான் என்பதால் முதல் வாரத்திலேயே எனக்கு அக்கா ஆகிவிட்டவர். திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "நிரலைத் திட்டாதே தம்பி, அட்டவணையைத் திட்டு" என்றார்.

அவர் சொன்னது நிலைச் சமன்பாட்டு அட்டவணையை. ஒரு பொருள் இந்த அடர்த்தியில், இந்த வெப்பநிலையில் இருந்தால் அதன் அழுத்தம் எவ்வளவு, ஆற்றல் எவ்வளவு என்று கட்டம் கட்டமாக எண்களை அடுக்கி வைத்திருக்கும் கோப்பு அது. கோள்களின் உள்ளமைப்பைக் கணக்கிடுபவர்கள் முதல் விண்கல் மோதலைக் கணக்கிடுபவர்கள் வரை எல்லாரும் இப்படி ஓர் அட்டவணையைத்தான் நம்பியிருக்கிறார்கள். நானும் அதை மடக்கை அட்டவணையைப் போல நினைத்திருந்தேன்: யாரோ சரிபார்த்து அச்சிட்டது, கேள்வி கேட்க வேண்டியதில்லை.

"இந்த மூலையில் இருக்கும் எண்களை யார் அளந்தார்கள்?" என்று கேட்டேன்.

"ஒருவரும் அளக்கவில்லை. அக்கம்பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து நிரப்பியது."

என் கணக்கு விழுந்த இடம், திரவ ஈயத்துக்கும் ஈய ஆவிக்கும் நடுவில் இருக்கும் நிலப்பரப்பு. அங்கே அட்டவணையின் சூத்திரம் ஒரு வளைவு வளைந்து, பருமன் கூடக்கூட அழுத்தமும் கூடும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. எந்தப் பொருளும் அப்படி நிலைத்து நிற்காது. இதற்கு மாக்ஸ்வெல் 1875-இல் ஒரு வழி சொல்லியிருக்கிறார்: வளைவின் மேட்டையும் பள்ளத்தையும் ஒரே பரப்பளவில் வெட்டும்படி குறுக்கே ஒரு கிடைக்கோடு போட்டுவிடலாம். போட்டேன். நிரல் ஓடியது. அக்கா மறுநாள் வந்து வரைபடத்தைப் பார்த்தார். "இஸ்திரி போட்டிருக்கிறாய். சுருக்கம் போய்விட்டது. சட்டை யாருடையது என்று தெரியாது" என்றார்.

அன்று தொடங்கியதுதான் எனக்கு இந்தத் துறையின் மேல் ஒரு பிடிப்பு.

பொருளைப் பற்றி நமக்கு நன்றாகத் தெரிந்த இடங்கள் இரண்டு ஓரங்களில் இருக்கின்றன. குளிர்ந்த திண்மம் ஓர் ஓரம். அங்கே அணுக்கள் வரிசையில் நிற்கின்றன, கணக்கிடலாம். சூரியனின் மேல் வளிமண்டலத்தைப் போன்ற சூடான, மெலிந்த பிளாஸ்மா இன்னோர் ஓரம். அங்கே துகள்கள் ஒன்றையொன்று அதிகம் சட்டை செய்வதில்லை, அதையும் கணக்கிடலாம். நடுவில், திண்மத்தின் அடர்த்தியும் பத்தாயிரம் கெல்வின் அளவுக்குச் சூடும் சேர்ந்த ஒரு நிலை உண்டு. அணுக்கள் வரிசை கலைந்து, ஆனால் விலகிப் போக இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கிடையே உள்ள மின்விசை ஆற்றலும் இயக்க ஆற்றலும் ஏறத்தாழச் சமம். எலக்ட்ரான்களின் குவாண்டம் குணத்தையும் புறக்கணிக்க முடியாது. எதைச் சிறியது என்று ஒதுக்கிவிட்டுக் கணக்கை எளிமையாக்குவது என்று கேட்டால், ஒதுக்க ஒன்றுமில்லை. துறையில் இதைச் சூடான அடர்பொருள் என்பார்கள். வியாழனின் உட்புறத்தில் பெரும்பகுதி இதுதான். பூமியின் மையத்தில் அழுத்தம் சுமார் 360 கிகா பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல 36 லட்சம் மடங்கு. வெப்பநிலை ஐயாயிரம் கெல்வினுக்கு மேல். அங்குள்ள இரும்பும் இந்தப் பிரதேசத்தின் எல்லையில்தான் இருக்கிறது.

என் ஈயத்தின் சிக்கல் இவ்வளவு பிரம்மாண்டமானதல்ல. அதன் மாறுநிலைப் புள்ளி எங்கே என்பதே கேள்வி. திரவமும் ஆவியும் வேறுபாடு மறைந்து ஒன்றாகிவிடும் அந்தப் புள்ளியை உலோகங்களில் பாதரசம், சீசியம், ரூபிடியம் போன்ற மிகச் சிலவற்றுக்குத்தான் நிதானமாக, அடுப்பில் வைத்து அளந்திருக்கிறார்கள். பாதரசத்துக்கு அது சுமார் 1,750 கெல்வின், பாத்திரம் தாங்கும். மற்ற உலோகங்களுக்குத் தாங்கும் பாத்திரம் கிடையாது. டங்ஸ்டனுக்கு வெவ்வேறு குழுக்கள் சொல்லும் மதிப்புகள் ஒன்றுக்கொன்று பல ஆயிரம் கெல்வின் விலகி நிற்கின்றன. மின்விளக்கின் இழையாக ஒரு நூற்றாண்டுக்கு மேல் நம் தலைக்கு மேலே எரிந்த உலோகம் அது!

பாத்திரமில்லாமல் அளப்பது எப்படி? பொருள் சிதறுவதற்குள் அளந்துவிட வேண்டும். வேகமாகச் சூடேற்ற வழிகள் பல. ஒரு தட்டை எறிந்து மோதச் செய்து அதிர்ச்சி அலையை உண்டாக்கலாம். ஆனால் ஒற்றை அதிர்ச்சி அலை, தொடக்க நிலையிலிருந்து ஒரே ஒரு கோட்டின் மேலுள்ள நிலைகளுக்கு மட்டும் பொருளைக் கொண்டுபோகும். கோட்டை விட்டு விலகிய கட்டங்களை எட்டாது. லேசர் இன்னொரு வழி. செய்தித்தாள்களில் இடம்பிடிப்பது அதுதான். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் தேசிய எரியூட்டல் நிலையம் 192 லேசர் கற்றைகளால் 2.05 மெகா ஜூல் கொடுத்து 3.15 மெகா ஜூல் அணுக்கரு இணைவு ஆற்றலைப் பெற்றது உலகச் செய்தியானது. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளி உலோகத்துக்குள் நுழையாது. மேல்தோலைத் தீய்க்கும், தீய்ந்த தோல் வெளியே பீய்ச்சும், அதன் எதிர்வினையால் உள்ளே அதிர்ச்சி அலை போகும். உள்ளே ஒரு சூடு, வெளியே ஒரு சூடு. அதில் எந்தப் புள்ளியின் வெப்பநிலையை எந்தப் புள்ளியின் அடர்த்தியோடு சேர்த்து எழுதுவது?

கனமான அயனி இந்த விஷயத்தில் நேர்மையானது. ஒளியின் வேகத்தில் பாதிக்கு மேல் வரும் யுரேனியம் அயனி தகட்டின் மேற்பரப்பை லட்சியமே செய்யாமல் உள்ளே நுழைகிறது. போகிற வழியெல்லாம் எலக்ட்ரான்களைத் தட்டிவிட்டு, தன் ஆற்றலைச் சிறுகச் சிறுகக் கொடுத்துக்கொண்டே போகிறது. கொடுக்கும் அளவு அயனியின் மின்னூட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது 1930-இல் இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே காட்டிய கணக்கு. அதே வேகத்தில் வரும் புரோட்டானைவிட, எலக்ட்ரான்களை முழுக்க இழந்த யுரேனியம் 92-இன் வர்க்கம், அதாவது எட்டாயிரம் மடங்குக்கு மேல் கொடுக்கும். வேகம் குறையக் குறையக் கொடை கூடும்; நிற்பதற்குச் சற்று முன் உச்சத்துக்குப் போகும். அந்த உச்சத்தை 1904-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ரேடியத்தின் ஆல்ஃபா துகள்களை வைத்துக் கண்டவர் இயற்பியலாளர் வில்லியம் பிராக்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு முரண் உண்டு. ஜெர்மனியின் டார்ம்ஸ்டட் நகரிலுள்ள ஜி.எஸ்.ஐ. கனஅயனி ஆய்வகத்தில் 1997 முதல் நானூறுக்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளுக்குக் கார்பன் அயனியால் சிகிச்சை தந்தார்கள். அங்கே பிராக்கின் உச்சம் சரியாகக் கட்டிக்குள் விழ வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் குற்றம். அயனிகளுக்கு வேகம் கொடுக்கும் அதே முடுக்கியில் பொருளைச் சூடேற்றுபவர்களோ அந்த உச்சத்தை இலக்குக்கு வெளியே தள்ளிவிடத்தான் பாடுபடுகிறார்கள். இலக்கை அயனியின் பயணத் தூரத்தைவிட மெல்லியதாக வெட்டினால், உச்சம் வருவதற்குள் அயனி மறுபக்கம் வெளியேறிவிடும். கொடை ஏறக்குறையச் சீரான பகுதி மட்டும் பொருளுக்குள் தங்கும். முன்பக்கம், பின்பக்கம், நடு, எல்லாம் ஒரே சூடு. எவ்வளவு ஆற்றல் கொடுத்தோம் என்பதும் கணக்கில் இருக்கும். கற்றையின் பெருமை அதன் வலிமையில் இல்லை. அந்தச் சீர்மையில் இருக்கிறது என்பது என் கட்சி.

ஆனால் சீர்மைக்கு விலை உண்டு. நூறு மைக்ரான் தடிமனுள்ள சூடான ஈயத் தகடு, நொடிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் வேகத்தில் விரியும். அப்படியானால் அது தன் உருவத்தை இழக்க நூறு நானோ நொடிக்குக் கிட்டத்தட்ட போதும். சூடேற்றல் அதற்குள் முடிய வேண்டும். அயனிகள் சுற்றிவரும் முடுக்கி வளையத்திலோ கற்றை வளையம் முழுக்க நீண்டு கிடக்கிறது. அதைக் கடைசி நேரத்தில் சுருட்டி ஒரு பொட்டலமாக்க, மின்புலத்தைத் திடீரென்று உயர்த்துகிறார்கள்: பின்னால் வருபவை முந்துகின்றன, முன்னால் போனவை தயங்குகின்றன, எல்லாம் ஒரே கணத்தில் இலக்கில் வந்து சேர்கின்றன. நீளம் சுருங்கினால் வேகங்களின் சிதறல் பெருகும். அது இயற்கையின் கறாரான பேரம். வேகம் சிதறினால் காந்த லென்ஸால் கற்றையை ஒரு புள்ளியில் குவிப்பது கடினம். பலூனை ஒரு பக்கம் அமுக்க மறுபக்கம் பிதுங்கும் கதை.

இதைவிடப் பெரிய தலைவலி, அயனிகள் ஒன்றையொன்று வெறுப்பது. எல்லாம் நேர்மின்னூட்டம், கூட்டம் கூடினால் விலக்கும். ஒரு வளையத்தில் எத்தனை அயனிகளை அடைக்கலாம் என்ற உச்சவரம்பு மின்னூட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. 73 எலக்ட்ரான்களை இழந்த யுரேனியத்துக்குப் பதில் 28 மட்டும் இழந்த யுரேனியத்தை எடுத்தால் ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகம் அடைக்கலாம். டார்ம்ஸ்டட்டில் ஜி.எஸ்.ஐ.க்குப் பக்கத்தில் எழும்பிவரும் ஃபேர் என்ற புதிய நிலையம் இந்த வழியைத்தான் எடுத்திருக்கிறது. பழைய வளையத்தின் சுற்றளவு 216 மீட்டர். புதியது 1,100 மீட்டர். ஒரு துடிப்பில் ஐம்பதாயிரம் கோடி யுரேனியம் அயனிகள் என்பது வடிவமைப்பு இலக்கு.

அரைகுறையாக எலக்ட்ரான் இழந்த அயனி ஆபத்தான பயணி. குழாயில் மிச்சமிருக்கும் வாயு மூலக்கூறு ஒன்றில் உரசினால் இன்னோர் எலக்ட்ரானை இழந்துவிடும். மின்னூட்டம் மாறினால் காந்தம் அதை வேறு பாதையில் வளைக்கும், சுவரில் முட்டும். முட்டிய இடத்தில் ஒட்டிக்கிடந்த வாயு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் உதிரும். உதிர்ந்த வாயு இன்னும் பல அயனிகளை உரசும். அவையும் சுவருக்குப் போகும். சில கணங்களில் வெற்றிடம் கெட்டு, கற்றை கரைந்துவிடும். ஆகவே இழந்தே தீரும் அயனிகள் எங்கே வந்து விழும் என்று முன்கூட்டியே கணித்து, அந்தந்த இடங்களில் குளிரூட்டிய பொறிகளை வைக்கிறார்கள். இதைத் தீர்க்கப் பல ஆண்டு உழைத்தவர்களை எந்தச் செய்தித்தாளும் பேட்டி எடுக்கப்போவதில்லை, எடுக்கலாம்.

இவ்வளவும் செய்து கிடைக்கும் துடிப்பின் ஆற்றல் என்ன? வடிவமைப்பு எண்களைப் பெருக்கினால் சில பத்தாயிரம் ஜூல். ஒரு குவளை நீரை ஐம்பது பாகை சூடேற்றப் போதும், அவ்வளவுதான். அயனிகளின் மொத்த நிறை ஒரு நானோ கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் அந்தச் சூடு நூறு நானோ நொடிக்குள் குண்டூசித் தலை அளவு இடத்தில் இறங்கும்போது கதையே வேறு.

எவ்வளவு வேறு என்பதைத் தெளிவாகக் காட்டியது இந்தத் துறைக்குச் சம்பந்தமில்லாத ஓர் இயந்திரம். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தின் பெரிய ஹாட்ரான் மோதுவி அடிப்படைத் துகள்களைத் தேடுவதற்காகக் கட்டியது. பொருளைச் சூடேற்ற அல்ல. அதன் ஒரு கற்றையின் வடிவமைப்பு ஆற்றல் 362 மெகா ஜூல். 2,808 பொட்டலங்களில் இருக்கும் எல்லாப் புரோட்டான்களையும் சேர்த்தால் அரை நானோ கிராம்தான் தேறும். அந்த அரை நானோ கிராம் அரை டன் செம்பை உருக்கும். ஆகவே கட்டும்போதே கேள்வி எழுந்தது: இது கைமீறி ஒரு காந்தத்தின் மேல் போனால்?

கேள்வி வெறும் கற்பனை அல்ல. 2004 அக்டோபர் 25-ஆம் தேதி, மோதுவிக்குக் கற்றையைக் கொண்டுசெல்லும் குழாய்த்தடத்தைச் சோதித்தபோது ஒரு காந்தம் எதிர்பாராமல் அணைந்தது. 450 கிகா எலக்ட்ரான் வோல்ட் கற்றை வழிதவறி வெற்றிடக் குழாயில் பாய்ந்தது. வெளிப்புறத்தில் சுமார் 25 செ.மீ. நீளத்துக்கு வெட்டு, உட்சுவரில் ஒரு மீட்டருக்கும் கூடுதலாகப் பள்ளம். அந்தக் கற்றையின் ஆற்றல் வெறும் 2.5 மெகா ஜூல்.

ஒரு தனிப் பொட்டலம் தன் ஆற்றலைச் செம்பில் ஒரு மீட்டர் அளவில் இறக்கிவிடும். அதை 2,808-ஆல் பெருக்கினாலும் ஆழம் அதேதானே, சூடுதானே கூடும் என்று தோன்றும். அங்கேதான் என் ஈயத் தகட்டின் இயற்பியல் வந்து குறுக்கிடுகிறது. முதல் சில பொட்டலங்கள் பாதையிலுள்ள செம்பைச் சூடேற்றி, அழுத்தத்தை ஏற்றி, பக்கவாட்டில் விரட்டிவிடுகின்றன. 25 நானோ நொடி இடைவெளியில் வரும் அடுத்தடுத்த பொட்டலங்களுக்கு முன்னால் அடர்த்தி குறைந்த வழி திறந்து கிடக்கிறது. அவை இன்னும் ஆழமாகப் போய் அங்கே அதையே செய்கின்றன. கற்றை தனக்கான சுரங்கத்தைத் தானே தோண்டிக்கொண்டு முன்னேறுகிறது. கன அயனிகளால் பொருளைச் சூடேற்றும் ஆய்வில் இருந்த நயீம் தாஹிரும் சகாக்களும் தங்கள் கணக்கு முறையை இதற்கும் பயன்படுத்தியபோது, 89 மைக்ரோ நொடிகளில் வந்து சேரும் முழுக் கற்றை செம்பில் சுமார் 35 மீட்டர் துளைக்கும் என்று வந்தது.

கணக்கு சரிதானா என்று மோதுவியை வைத்துச் சோதிக்க முடியாது. 2012-இல் செர்னின் ஹைராட்மேட் நிலையத்தில் 440 கிகா எலக்ட்ரான் வோல்ட் கற்றையை வைத்துச் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். பத்துப் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள பதினைந்து செம்பு உருளைகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. இப்படி மூன்று வரிசைகள். கதிரியக்கம் அடங்க மாதக்கணக்கில் காத்திருந்து பெட்டியைத் திறந்தார்கள். இடைவெளிகளின் வழியே உருகிய செம்பு வெளியே தெறித்து, மேல்மூடியில் பட்டை பட்டையாக அப்பியிருந்தது. பட்டைகள் எந்த உருளைவரை நீள்கின்றன என்று எண்ணினால் கற்றை எவ்வளவு தூரம் உருக்கியது என்று தெரிந்துவிடும். கணக்கோடு ஒத்துப்போனது. விலை உயர்ந்த எந்த உணர்கருவியைவிடவும் அந்த ஒரு சென்டிமீட்டர் இடைவெளிகள்தான் அதிகம் பேசின. யோசனை யாருடையதோ, அவருக்கு ஒரு கும்பிடு.

பொருள் விரிவதை உள்ளே ஊடுருவிப் பார்க்கவும் துகள்களே உதவுகின்றன. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் 1990-களில் வளர்த்தெடுத்த முறை அது: புரோட்டான்களை இலக்கின் ஊடே செலுத்தி, சிதறியவற்றைக் காந்த லென்ஸால் மீண்டும் குவித்து நிழற்படம் எடுப்பது. ஜி.எஸ்.ஐ.யில் இதற்கென நிலைக்காந்தங்களால் செய்த முதல் நுண்ணோக்கி, படமெடுக்க வந்த கற்றையின் கதிர்வீச்சிலேயே காந்தத்தன்மையை இழந்து கெட்டது. அடுத்ததை மின்காந்தங்களால் செய்தார்கள்.

எங்களுக்கு அந்த வசதி இல்லை. என் முறை வந்த இரவில் எங்களிடம் இருந்தது ஓர் ஈயத் தகடு, அதன் இரு பக்கமும் சிறு இடைவெளி விட்டு சஃபையர் சுவர்கள், ஒளியை வைத்து வெப்பநிலை சொல்லும் ஒரு வண்ணமானி. கற்றை எங்கே விழுகிறது என்று பார்க்க முதலில் ஒளிரும் திரை ஒன்றை வைப்பார்கள். திரையில் அரிசியைவிடச் சிறிய ஒரு வெளிச்சம் வந்து மறையும். அதைத் தகட்டின் நடுவுக்கு நகர்த்தவே நான்கு மணி நேரம் போயிற்று. பிறகு திரையை எடுத்துவிட்டு, இலக்கை ஏற்றி, எண்ணிக்கை சொல்லி, அனுப்பினார்கள். சத்தமில்லை, அதிர்வில்லை. கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் கொட்டாவி விட்டார். அலைகாட்டியில் மட்டும் ஒரு கோடு எழுந்து, சாய்ந்து, அடங்கியது. கூண்டைத் திறந்தபோது தகடு இருந்த இடத்தில் சட்டம் மட்டும் இருந்தது. சஃபையரின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு.

நான் தேடியது அந்தக் கோட்டில் ஒரு சமதளத்தை. நான் போட்ட இஸ்திரி சரியென்றால், ஈயம் திரவமும் ஆவியுமாகப் பிரியும்போது வெப்பநிலை இறங்கும் வேகம் சட்டென மட்டுப்பட வேண்டும். ஆனால் மாக்ஸ்வெல்லின் கிடைக்கோடு, பொருளுக்குக் கொதிக்க அவகாசம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. நூறு நானோ நொடியில் குமிழி முளைக்க நேரம் இருக்குமா? இல்லாவிட்டால் திரவம் கொதிக்க வேண்டிய எல்லையைத் தாண்டியும் திரவமாகவே போய், ஒரு கட்டத்தில் மொத்தமாக மூடுபனியாக வெடித்துவிடும். கோட்டில் சமதளம் தெரியவில்லை. "பார்த்தாயா" என்று நான் துள்ள, அக்கா அடக்கினார்: துளிகள் நிறைந்த மூடுபனி ஒளியைச் சிதறடிக்கும், வண்ணமானி உள்ளே இருப்பதைப் பார்க்கிறதா வெளிப்படலத்தைப் பார்க்கிறதா என்று எப்படிச் சொல்வாய்? மேலும், சூடான ஈயம் எவ்வளவு ஒளிர்திறன் கொண்டது என்பதையே ஓர் அட்டவணையிலிருந்துதான் எடுத்திருந்தோம். அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

அந்த இரவில் உருப்படியாகத் தேறியவை ஒன்பது கற்றை வீச்சுகள். ஒன்பதையும் சேர்த்து, பிழைப்பட்டையோடு வரைபடத்தில் வைத்தேன். பட்டை அவ்வளவு நீளம். இஸ்திரி போட்ட கோடும் போடாத வளைவும் இரண்டுமே அதற்குள் அடங்கின. மறுநாள் கோப்பைத் திறந்தேன். அந்த மூலையின் எண்களை மாற்றவில்லை. தலைப்பில், முன்பு யாரோ விட்டுவைத்திருந்த காலி வரியில், எந்த வரிசையிலிருந்து எந்த வரிசைவரை ஊகம் என்று எழுதிச் சேமித்தேன்.